படகு ஓட்டப் படிக்க நாலு வழி: சிம்கோ ஏரிக்குப் போகிறவர்களுக்கு

சித்தியின் மகன் போன ஏப்ரலில் ஒரு 14 அடி அலுமினியப் படகு வாங்கினான். பழையதுதான். 9.9 குதிரைவலு எஞ்சினும் இழுத்துப் போக ட்ரெயிலரும் அதோடு வந்தன. காசைக் கொடுத்து, வீட்டு ட்ரைவ்வேயில் கொண்டுவந்து நிறுத்தி, இரண்டு நாள் கழித்துத்தான் எனக்குப் போன் எடுத்தான். "அண்ணா, இதை ஓட்ட எங்க பழகிறது?" அவனைப் பார்த்துச் சிரிக்க எனக்குத் தகுதியில்லை. ஏழு வருடத்துக்கு முன் நானும் வாங்கின பிறகுதான் இதே கேள்வியைக் கேட்டேன்.

ரொறன்ரோவின் ஸ்காபரோவில் இருந்து வடக்கே ஒரு மணி நேரம் ஓடினால் சிம்கோ ஏரி வரும். பேர்ச், பாஸ் மீன் பிடிக்க நம் ஆட்கள் நிறையப் பேர் போகும் இடம். அவனும் அங்கேதான் போகப் போகிறான். அதனால் ஒன்ராறியோத் தண்ணீரையும் கனடாச் சட்டத்தையும் மனதில் வைத்தே இதை எழுதுகிறேன்.

அவனுக்கு முன்னால் நாலு வழி இருந்தது. வீட்டில் இருந்தபடியே ஒன்லைனில் படகு ஓட்டும் அட்டை எடுப்பது. குளிர்கால மாலைகளில் வகுப்புக்குப் போவது. பாய்மரப் படகுப் பள்ளியில் சில நாள் தண்ணீரில் பழகுவது. தெரிந்த ஒருவரோடு போய் அவரிடமிருந்து பழகுவது. வாடகைப் படகு எடுப்பவர்களுக்கு ஐந்தாவதாக ஒரு குறுக்கு வழியும் உண்டு. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில் அட்டை. இதில் தெரிவு என்று ஒன்றும் இல்லை, எடுத்தே ஆகவேண்டும். 2009 செப்டெம்பரில் இருந்து கனடாவில் எஞ்சின் பூட்டிய எந்த உல்லாசப் படகை ஓட்டுகிறவரும், வயது எதுவானாலும், தகுதிக்கு அத்தாட்சி வைத்திருக்க வேண்டும். மின்கலத்தில் ஓடும் குட்டி மோட்டாருக்கும் இது பொருந்தும். அந்த அத்தாட்சியாகப் பெரும்பாலானோர் வைத்திருப்பது 'பிளெஷர் கிராஃப்ட் ஒப்பரேட்டர் கார்ட்'. சுருக்கமாக எல்லாரும் போட் லைசென்ஸ் என்கிறார்கள். ஆனால் லைசென்ஸ் என்பது படகுக்கு எடுக்கிற இலக்கம், அட்டை ஆளுக்கு. இரண்டையும் ஒன்றென்று நினைத்து, ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு போய்ப் பொலிஸிடம் மாட்டினவர்களை எனக்குத் தெரியும்.

அட்டைக்கு, மத்திய போக்குவரத்துத் துறையான ட்ரான்ஸ்போர்ட் கனடா அங்கீகரித்த ஏதாவது ஒரு நிறுவனத்தின் தளத்தில் பதிய வேண்டும். குறைந்தது மூன்று மணி நேரம் பாடம் பார்க்க வேண்டும். பிறகு 50 கேள்வி, 75 விழுக்காடு எடுத்தால் தேர்ச்சி. ஒருமுறை எடுத்தால் ஆயுளுக்கும் செல்லும். செலவு, ஒரு குடும்பம் கடையில் ஒருவேளை சாப்பிடுகிற காசுதான். பாடமும் மோசமில்லை. கரையிலிருந்து 30 மீற்றருக்குள் மணிக்கு 10 கிலோமீற்றருக்கு மேல் போகக்கூடாது, இரவில் எந்தப் பக்கம் எந்த விளக்கு, படகில் என்னென்ன சாமான் இருக்கவேண்டும் என்று எல்லாம் வருகிறது. ஆறு மீற்றருக்குள் அடங்கும் படகானால் ஆளுக்கொரு லைஃப் ஜக்கெட், 15 மீற்றர் நீளமான மிதக்கும் வீச்சுக் கயிறு, துடுப்பு அல்லது நங்கூரம், தண்ணீர் இறைக்க ஒரு பாத்திரம், விசில், நீர் புகாத டோர்ச் என்று பட்டியல் போகும். பிள்ளைகள் உள்ளவர்கள் கட்டாயம் பார்க்கவேண்டிய பகுதி வயதுக் கட்டுப்பாடு. 12 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளை பெரியவர் கூட இல்லாமல் 10 குதிரைவலுவுக்கு மேல் ஓட்டக்கூடாது. 12இல் இருந்து 16க்குள் 40 வரைதான். ஜெட் ஸ்கீக்குப் பெரியவர் பின்னால் இருந்தாலும் 16 வயது நிரம்பியிருக்க வேண்டும்.

தம்பி இரண்டு மாலைகளில் படித்து 47 எடுத்தான். ஸ்கிரீன்ஷொட் வந்தது. மே மாதக் கடைசியில் ஜக்சன்ஸ் பொயின்ற் பக்கம் முதல் முறையாகப் படகை இறக்கினோம். ட்ரெயிலரைப் பின்னால் எடுத்துத் தண்ணீருக்குள் விட்டு, கொக்கியைக் கழற்றி, படகு மிதந்ததும் கைதட்டினான். ஐந்து நிமிடம் போயிருக்கும். என் சப்பாத்து நனைந்தது. பின்பக்கம் அடியில், தண்ணீர் வடிய விட்டிருக்கும் துளையை அடைக்கும் ட்ரெயின் பிளக்கைப் பூட்டாமலே இறக்கியிருக்கிறான். பிளக் எங்கே என்று கேட்டால் காரின் கப் ஹோல்டரில். படகை இறக்குமுன் பிளக்கைப் பார் என்பது அந்தப் பாடத்திலேயே இருக்கிறது. கேள்வித்தாளில் வந்திருந்தால் அவன் சரியாகவே ரிக் பண்ணியிருப்பான்.

அட்டைப் படிப்பின் குறையும் அதுதான். விதியைத் தலைக்குள் போடும், கையைத் தொடாது. பக்கவாட்டில் காற்று அடிக்கும்போது எப்படிப் படகுத்துறையில் அணைவது, எஞ்சின் நின்றுவிட்டால் முதலில் நங்கூரத்தைப் போடுவதா கயிற்றை இழுத்துக்கொண்டே இருப்பதா என்பதெல்லாம் திரையில் பார்த்துக் கைக்கு வராது. வழி கண்டுபிடிப்பது பற்றி அதில் இருப்பதும் வெகு சொற்பம்.

சரி, அப்படியானால் தெரிந்த ஒருவரோடு போய்ப் பழகுவதுதானே சுலபம்? நம் ஆட்களில் பலர் தெரிவு செய்வது இதைத்தான். நானும் அப்படித்தான் தொடங்கினேன்.

எனக்குப் பழக்கியவர் மனைவி வழியில் மாமா முறை. கரையோர ஊரில் பிறந்து, சின்ன வயதில் வள்ளத்தில் போய், பிறகு பதினைந்து வருடம் சரக்குக் கப்பலில் வேலை செய்தவர். கொழும்பு, சிங்கப்பூர், றொட்டர்டாம் என்று துறைமுகங்களை விரல்விட்டுச் சொல்வார். அவரிடம் பழகினதை எந்தப் பள்ளியும் தராது. காலையில் ஏரிக்கரையில் நின்று முகத்தை ஒரு பக்கம் திருப்பி, "இது கச்சானுக்கும் வாடைக்கும் இடையில நிக்குது, பத்து மணிக்குப் பிறகு ஏறும்" என்பார். ஏறும். அவர் சொன்ன அந்த வடமேற்குக் காற்று நீளமாக அடித்தால் சிம்கோவில் கிட்டக் கிட்டச் செங்குத்தான அலைகள் எழும்பும். கடலலை மாதிரி நீண்டு வராது. அலையை நேரே அணியத்தில், அதாவது படகின் முன்முனையில், வாங்காமல் கொஞ்சம் சரித்து வாங்கவும், அலை தூக்கும்போது எஞ்சினின் வேகத்தைக் குறைக்கவும் அவர்தான் என் கையைப் பிடித்துக் காட்டினார்.

ஆனால் அவரோடு போன இரண்டாவது கோடையில்தான் எஞ்சினின் கீழ்ப்பகுதியைக் கல்லில் அடித்தோம். சிம்கோவையும் வடக்கே உள்ள கூச்சிச்சிங் ஏரியையும் அதர்லி நரோஸ் என்ற ஒடுக்கமான நீர்வழி இணைக்கிறது. காலையில் ஒரு பெரிய படகின் பின்னால் போனதால் பிரச்சினை தெரியவில்லை. மாலை திரும்பும்போது முன்னால் ஆள் இல்லை. பச்சை, சிவப்பு மிதவைகள் நிற்கின்றன. நான் சுக்கானில். "தம்பி, உள்ளுக்க வரேக்க சிவப்பு இடப்பக்கம். மறக்காத" என்றார் மாமா. பதினைந்து வருடம் கப்பலில் இருந்தவர் சொல்கிறார், எனக்கு என்ன சந்தேகம்? சிவப்பை இடப்பக்கம் விட்டேன். ஒரு நிமிடத்தில் களை, அடுத்த நிமிடம் கல். புரொப்பெல்லரின் ஓர் இதழ் மடங்கிப் போனது.

மாமா சொன்னது பிழையில்லை. கொழும்பில் அது சரி, சென்னையில் சரி, றொட்டர்டாமில் சரி. உலகக் கடல்களின் மிதவை முறை இரண்டாகப் பிரிந்திருக்கிறது. ஐரோப்பா, ஆபிரிக்கா, ஆசியாவின் பெரும்பகுதி, அவுஸ்திரேலியா எல்லாம் 'ஏ' வலயம். துறைமுகத்துக்குள் வரும்போது சிவப்பு இடப்பக்கம். வட, தென் அமெரிக்காவும், ஜப்பான், கொரியா, பிலிப்பைன்ஸும் 'பி' வலயம். அங்கே சிவப்பு வலப்பக்கம். ஆற்றிலும் ஏரியிலும் துறைமுகம் இல்லாத இடத்தில், நீரோட்டத்துக்கு எதிரே மேலேறிப் போவதை உள்ளே வருவதாகக் கணக்கிட வேண்டும். சிம்கோவின் தண்ணீர் கூச்சிச்சிங் வழியாக ஹூரோன் ஏரியின் ஜோர்ஜியன் பேக்குப் போகிறது. ஆகவே நாங்கள் திரும்பி வந்தது மேலேறும் திசை, சிவப்பு வலப்பக்கம் இருந்திருக்க வேண்டும். இதற்கும் மேலே ஒரு கூத்து உண்டு. சிம்கோ வழியாகப் போகும் ட்ரென்ற்-செவர்ன் நீர்வழி 386 கிலோமீற்றர். ட்ரென்டனில் இருந்து கிர்க்ஃபீல்ட் படகுத்தூக்கி வரை மேலேற்றம், அதன் பிறகு இறக்கம். கிர்க்ஃபீல்டைத் தாண்டியதும், அதே திசையில் போய்க்கொண்டிருக்கும்போதே, நிறங்கள் பக்கம் மாறிவிடும்.

மாமாவிடம் இன்னொரு பழக்கமும் இருந்தது. லைஃப் ஜக்கெட்டை மடித்து அதன் மேல் உட்கார்ந்துகொள்வார். "நீந்தத் தெரியாதவங்களுக்கு உது" என்பார். அவர் நீந்திய கடல் 28 பாகை. இங்கே மே மாதத் தண்ணீர் வேறு. மனித்தோபாப் பல்கலைக்கழகத்தில் குளிர்நீர் பற்றி ஆய்வு செய்த கோர்டன் கீஸ்பிரெக்ட் 1-10-1 என்று ஒரு கணக்குச் சொல்வார். தானே பனித்தண்ணீருக்குள் இறங்கிப் பார்த்தவர். குளிர்நீரில் விழுந்தால் மூச்சு வாங்கி அடங்க ஒரு நிமிடம். கைகால்கள் உருப்படியாக வேலை செய்வது ஏறக்குறைய பத்து நிமிடம். உடல் குளிர்ந்து நினைவு தப்ப ஏறக்குறைய ஒரு மணி நேரம். அந்தப் பத்து நிமிடம் போனபின் எவ்வளவு நல்ல நீச்சல்காரனும் கையை உயர்த்த முடியாமல் தாழ்ந்து போவான். அப்போது தலையை மேலே வைத்திருக்கப் போவது ஜக்கெட் மட்டும்தான். ஒன்ராறியோ ஏரிக்குப் போகிறவர்கள் ஜூலையிலும் இதை மறக்கக்கூடாது. காற்று மேலுள்ள சூட்டுத் தண்ணீரைத் தள்ளிக்கொண்டு போனால், அடியில் கிடக்கும் குளிர்த்தண்ணீர் ஒரே இரவில் ரொறன்ரோக் கரைக்கு வந்துவிடும்.

ஆகவே மூத்தவரோடு போய்ப் பழகுவதை வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். காற்றும் அலையும் கையும் அவரிடம். மிதவை, குளிர், சட்டம் மூன்றையும் வேறிடத்தில் படியுங்கள்.

அந்த வேறிடமாக எனக்கு அமைந்தது மாலை வகுப்பு. கனேடியன் பவர் அண்ட் செயில் ஸ்குவாட்ரன்ஸ் என்ற தொண்டர் அமைப்பு நடத்துவது. 1938இல் வின்ட்சரில் சில படகுக்காரர்கள் சேர்ந்து தொடங்கியது. வல்வெட்டித்துறையில் கட்டிய அன்னபூரணி கடல் கடந்து மசாசூசெற்ஸின் குளொஸ்ரருக்குப் போய்ச் சேர்ந்ததும் அதே 1938இல்தான் என்று மாமா ஒவ்வொரு தடவையும் நினைவுபடுத்துவார். நம் ஆட்களுக்கு இந்தக் கதை மூச்சோடு ஊறியது, வகுப்புக்குப் போவதுதான் கசக்கும்.

வகுப்பு சலிப்பானது என்பதை மறைக்க முடியாது. குளிர்காலம் முழுக்க வாரம் ஒரு மாலை. மேசையில் விரித்த வரைபடம், இணைகோல், கவராயம், பென்சில். அநேகமாக ஓய்வுபெற்ற ஆட்கள்தான் படிப்பிப்பார்கள். கேள்வி கேட்டால் அரை மணி நேரம் கதை சொல்வார்கள். ஆனால் அந்த மேசையில்தான் எனக்கு ஏரி புரிந்தது. இரண்டாவது வாரம் ஒரு பயிற்சி: இந்தப் புள்ளியில் இருந்து அந்தத் தீவுக்குத் தூரம் எவ்வளவு? கவராயத்தை விரித்து, கைக்குக் கிட்ட இருந்த மேல் ஓர அளவுகோலில் வைத்து 8.3 என்று எழுதினேன். சரியான விடை 6. மேல் ஓரத்தில் இருப்பது நெடுங்கோடு. கடல்மைல் என்பது அகலக்கோட்டின் ஒரு கலை, அதாவது ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு, 1852 மீற்றர். அதைப் பக்கவாட்டு ஓரத்தில்தான் அளக்க வேண்டும். நெடுங்கோடுகள் வடக்கே போகப் போக நெருங்கிவிடும். யாழ்ப்பாணத்தில் இந்தப் பிழையை விட்டிருந்தால் நூற்றுக்கு ஒன்றரைதான் வித்தியாசம், ஆள் கவனித்திருக்கவே மாட்டார். சிம்கோவில் அது ஏறக்குறைய நாற்பது.

திசைக்காட்டியும் அப்படித்தான். வரைபடத்தில் உண்மைத் திசை 300 பாகை என்றால் இங்கே காந்த விலக்கம், அதாவது ஊசி உண்மை வடக்கில் இருந்து விலகி நிற்பது, மேற்கே சுமார் 10 பாகை. திசைக்காட்டியில் 310 பிடிக்க வேண்டும். தமிழ்நாட்டுக் கரையில் இந்த விலக்கம் ஒன்றிரண்டு பாகைதான்.

"போனில் நவியோனிக்ஸ் வரைபடச் செயலி இருக்கிறதே, இதெல்லாம் எதற்கு?" என்று தம்பி கேட்டான். நல்ல கேள்வி, நானும் அதைப் பாவிக்கிறேன். ஆனால் திரை வரைபடத்தைச் சுருக்கிப் பார்க்கும்போது சின்னத் திட்டுகள் மறைந்துவிடும். 2014 நவம்பரில் உலகைச் சுற்றும் பாய்மரப் பந்தயமான வொல்வோ ஓஷன் ரேஸில் ஓடிய வெஸ்ராஸ் அணியின் படகு மொரீஷியஸுக்கு வடகிழக்கே பவளத்திட்டில் முழு வேகத்தில் ஏறியது. உலகத்தின் தேர்ந்த மாலுமிகள், கையில் எல்லாக் கருவியும். அந்தத் திட்டு தெரியுமளவுக்குத் திரையைப் பெரிதாக்கிப் பார்க்கவில்லை. அதோடு ஈரக் கைக்குத் தொடுதிரை வேலை செய்யாது. மழையில் நனைந்துகொண்டு முயன்று பாருங்கள்.

இதே மாலை வகுப்பு அமைப்பிடம், படகுகள் ஒன்றோடொன்று பேசப் பாவிக்கும் விஎச்எஃப் வானொலிக்கான சான்றிதழும் எடுக்கலாம். இங்கே அந்தக் கருவியைப் பாவிக்கச் சான்றிதழ் வேண்டும். போன் சிக்னல் விட்டுப் போகும் ஜோர்ஜியன் பே போன்ற இடங்களுக்குப் போகிறவர்கள் இதை முதலிலேயே எடுத்துவிடுவது நல்லது. 16ஆம் அலைவரிசையில் ஒருவர் உதவி கேட்டால் சுற்றியுள்ள படகுகளுக்கெல்லாம் கேட்கும். போனில் அப்படி இல்லை.

மூன்றாவது வழி பாய்மரப் படகு. எஞ்சின் படகு வாங்கினவனுக்குப் பாய் எதற்கு என்று நானும் நினைத்தேன். செயில் கனடாவின் பேசிக் குரூசிங் பாடத்தை ரொறன்ரோ நீர்முகப்பில் சில பள்ளிகள் நடத்துகின்றன. வார இறுதிகளாகவோ ஐந்து நாள் தொடர்ச்சியாகவோ. விலை பல நூறு டொலர், நாலில் இதுதான் கூடியது. நான் போன பள்ளியில் முதல் நாள் காற்றே இல்லை. நாலு மணி நேரம் முடிச்சுப் போட்டுக்கொண்டு சும்மா இருந்தோம், காசு தண்டம் என்று எரிச்சல் வந்தது. இரண்டாம் நாள் அந்த எரிச்சல் போய்விட்டது.

அன்று செய்தது ஆள் விழுந்தால் எடுக்கும் பயிற்சி. பயிற்றுநர் சொல்லாமல் கொள்ளாமல் ஒரு மெத்தையைத் தண்ணீருக்குள் எறிவார். ஒருவர் வேறு எந்த வேலையும் செய்யாமல் அதை விரலால் சுட்டிக்கொண்டே நிற்க வேண்டும். நான் விரலை நீட்டினேன். யாரோ கூப்பிட ஒரு விநாடி திரும்பினேன். திரும்பிப் பார்த்தால் மெத்தை இல்லை. அரை மீற்றர் அலைதான். சிவப்பு மெத்தை. அதை மறுபடி கண்டுபிடிக்கப் பல நிமிடம் ஆனது. மனிதத் தலை அந்த மெத்தையைவிடச் சின்னது. அன்று அதைப் பன்னிரண்டு தடவை செய்தோம், கடைசி நாலு தடவை என் கையில் சுக்கான். எஞ்சின் படகுக்காரர் யாரும் இப்படிப் பன்னிரண்டு தடவை பழகி நான் கண்டதில்லை. அப்புறம் காற்று எங்கிருந்து வருகிறது என்று யோசிக்காமலே தெரிகிற புத்தி, மாமாவிடம் பிறவியிலேயே இருந்தது, எனக்கு இங்கேதான் கொஞ்சம் வந்தது. படகுத்துறையில் அணைவது அதற்குப் பிறகு பாதி லேசாகிவிட்டது.

வாடகை வழி: கோடையில் ஒருநாள் கொட்டேஜுக்குப் போய்ப் படகு எடுப்பவர்களுக்கு வாடகைக்காரரோடு நிரப்பிக் கையெழுத்திடும் பாதுகாப்புப் பட்டியலே அந்த வாடகைக் காலத்துக்கு அத்தாட்சியாகச் செல்லும். சில இடங்களில் பேனாவை நீட்டி "இங்கே, இங்கே, இங்கே" என்று இரண்டு நிமிடத்தில் முடித்துவிடுவார்கள். விடாதீர்கள். எஞ்சினை நிறுத்தும் சிவப்புக் கயிறு எங்கே, ஆழம் குறைந்த இடங்கள் எவை, எரிபொருள் எவ்வளவு என்று மூன்றையும் கேட்டுவிட்டு ஏறுங்கள். எரிபொருளில் மூன்றில் ஒன்று போக, ஒன்று வர, ஒன்று கையிருப்பு.

எதை எடுப்பது? நான் பார்த்த அளவில் ஆட்கள் தங்களுக்குத் தேவையானதற்கு நேரெதிரானதைத்தான் எடுக்கிறார்கள். கடலில் வளர்ந்தவர்கள் எல்லாம் தெரியும் என்று ஒன்றுக்கும் போவதில்லை. அவர்களின் கை நன்றாகவே இருக்கிறது, இந்த நாட்டின் மிதவையும் வரைபடமும் குளிரும்தான் புதிது. அவர்களுக்கு நான் சொல்வது மாலை வகுப்பு. இங்கே வளர்ந்த இளசுகள் திரையில் படிப்பதில் கெட்டிக்காரர்கள். இன்னும் ஒரு வகுப்பு அவர்களுக்குப் பெரிதாக உதவாது, தண்ணீரில் கை வைக்க வேண்டும். அவர்கள் பாய்மரப் பள்ளிக்குப் போகட்டும். பகலில் கரையோரமாகத் தூண்டில் போட்டுவிட்டு வருவதோடு சரி என்பவருக்கு அட்டையும், தெரிந்த ஒருவரோடு நாலைந்து பயணமும் போதும், ஜக்கெட்டை உடம்பில் போட்டிருந்தால். இரவிலோ ஜோர்ஜியன் பேக்கோ போகும் எண்ணம் இருந்தால் வகுப்பைத் தவிர்க்க வழியில்லை.

தம்பி ஜூன் மாதம் ஐந்து நாள் பாய்மரப் பாடம் முடித்தான். நீந்தவும் பழகுகிறான், அது அவனுக்கு இருபது வருடம் பிந்திய படிப்பு. இப்போது ட்ரெயின் பிளக்கை எஞ்சின் சாவியோடு சேர்த்துக் கயிறு போட்டுக் கட்டியிருக்கிறான்.

மாமாவைப் போன ஜனவரியில் இழுத்துப் பிடித்து வகுப்புக்குக் கூட்டிப் போனேன். முதல் நாளே மிதவைப் படத்தைப் பார்த்துவிட்டு, "அவங்கள் மாத்தி வச்சிருக்கிறாங்கள்" என்று படிப்பிப்பவரிடம் முறைப்பட்டார். இந்தக் கோடையில் ஜக்கெட்டை உடம்பில் போட்டுக்கொள்கிறார். ஜிப்பை மட்டும் இன்னும் இழுப்பதில்லை.